போர்ட்டைத் திறந்தால் போதுமா?

டொரண்ட் இறங்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "ரவுட்டர்ல போர்ட் ஓபன் பண்ணீங்களா?" இருபது ஆண்டுகளாக இந்தப் பதில் மாறவில்லை. பிராம் கோஹன் 2001-இல் பிட்டொரண்ட்டை வெளியிட்ட காலத்தில் வழக்கத்துக்கு வந்த 6881 முதல் 6889 வரையிலான எண்கள் இன்றும் வழிகாட்டிக் குறிப்புகளில் மந்திரம்போல ஓதப்படுகின்றன. கேட்டவரும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய், புரியாத பெட்டிகளில் எண்களை நிரப்பி, ஃபயர்வாலையும் அணைத்துவிட்டு வந்து பார்க்கிறார். பெரும்பாலும் நிலைமை அப்படியே இருக்கிறது. எப்போதாவது சரியாகிவிடுகிறது, சரியானதற்குக் காரணம் போர்ட்தானா என்று எவரும் விசாரிப்பதில்லை.

விசாரித்தே ஆக வேண்டும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகளும், லிப்ரே ஆபிஸும், இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் டொரண்ட்டாகவும் தரும் பழைய நூல்களும் ஒலிப்பதிவுகளும் இந்த வழியாகத்தான் பலரிடம் போய்ச் சேர்கின்றன. அவற்றை இறக்க நினைக்கும் ஒருவர் தவறான அறிவுரையால் ஒரு மாலைப் பொழுதை இழக்கிறார். சில நேரம் தன் வீட்டு நெட்வொர்க்கின் பாதுகாப்பையும் சேர்த்து இழக்கிறார். ஆகவே அந்த அறிவுரை எந்தக் கோளாறுக்கு உரியது, அந்தக் கோளாறுதான் நமக்கு வந்திருக்கிறதா, அதைப் பின்பற்ற நாம் கொடுக்கும் விலை என்ன என்று பார்ப்போம்.

முதலில் அது என்ன செய்கிறது என்பது. வீட்டிலுள்ள போன், லேப்டாப், டிவி எல்லாவற்றுக்கும் ரவுட்டர் 192.168 என்று தொடங்குவது போன்ற உள்வீட்டு முகவரிகளைத் தருகிறது. வெளியுலகுக்குத் தெரிவது ஒரே ஒரு ஐபி முகவரி. இந்த மாற்றத்துக்கு நேட் என்று பெயர். உள்ளேயிருந்து தொடங்கும் இணைப்பை ரவுட்டர் குறித்து வைத்துக்கொள்வதால், பதில் வரும்போது அது யாருக்கு உரியது என்று அதற்குத் தெரியும். வெளியிலிருந்து ஒருவர் தாமாக இணைப்பைத் தொடங்கினால் அது எந்தக் கருவிக்கு என்று தெரியாது, கைவிட்டுவிடும். போர்ட்டைத் திறப்பது என்றால், "இந்த எண்ணுக்கு வருவதையெல்லாம் இந்தக் கணினிக்கு அனுப்பு" என்று ரவுட்டரிடம் சொல்லி வைப்பது. அவ்வளவே. நீங்கள் பிறரைத் தேடிப் போய் இணைவதற்கு இது தேவையே இல்லை.

அப்படியானால் இந்த அறிவுரை எங்கிருந்து இவ்வளவு செல்வாக்குப் பெற்றது? 2002-இல் வந்த ஈமியூல் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளின் காலத்திலிருந்து என்று சொல்வேன். அதன் சர்வர், நம்மை வெளியிலிருந்து தொட முடியுமா என்று சோதித்துப் பார்த்து, முடியாவிட்டால் 1,67,77,216-க்குக் குறைவான ஓர் எண்ணைத் தரும். அதற்கு 'லோ ஐடி' என்று பெயர். லோ ஐடி உள்ள இருவர் ஒருவரோடொருவர் இணையவே முடியாது. அன்று 4662 என்ற போர்ட்டைத் திறந்தவருக்கும் திறக்காதவருக்கும் இருந்த வேறுபாடு கண்கூடானது. அறிவுரை உண்மையான அனுபவத்தில்தான் பிறந்தது. அதன் அடிப்படையான தர்க்கம் பிட்டொரண்ட்டுக்கும் பொருந்தும்: இணைப்பு ஏற்பட இருவரில் ஒருவராவது வெளியிலிருந்து தொடக்கூடியவராக இருக்க வேண்டும்.

ஒருவர் போதும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு கோப்பை 100 பேர் பகிர்கிறார்கள், அவர்களில் 30 பேர் போர்ட் திறந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மூடியவரானால் அந்த 30 பேரிடம் போகலாம்; திறந்தவரானால் 100 பேரோடும் இணையலாம். 30-க்கும் 100-க்கும் பெரிய வேறுபாடு போலத் தெரியும். ஆனால் கோஹனின் மூல வடிவமைப்பில் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் நான்கு பேருக்குத்தான் தரவு கொடுப்பார். அதோடு 30 விநாடிக்கு ஒருமுறை புதியவர் ஒருவருக்கு வாய்ப்புக் கிடைக்கும். இன்றைய மென்பொருள்களில் இந்த எண்ணிக்கைகள் மாறியிருக்கலாம், முறை மாறவில்லை. 30 பேரில் நல்ல இணைய வேகம் உள்ள சிலர் கிடைத்தாலே வீட்டு இணைப்பு நிரம்பிவிடும். உபுண்டுவின் புதிய பதிப்பு வெளியாகும் வாரத்தில் அதை இறக்குபவருக்குப் போர்ட் ஒரு பொருட்டே இல்லை.

அதே கணக்கை ஓர் அரிய கோப்புக்குப் போட்டுப் பாருங்கள். உலகத்திலேயே இரண்டு பேரிடம்தான் முழுதாக இருக்கிறது, இருவருமே மூடியவர்கள். நீங்களும் மூடியவரென்றால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் பூஜ்யம்தான். நீங்கள் திறந்தால் அவர்கள் உங்களைத் தேடி வந்து இணைவார்கள், கோப்பு இறங்கிவிடும். கூட்டம் பெரிதாக ஆக ஆகப் போர்ட்டின் பயன் தேய்கிறது, கூட்டம் சிறுத்தால் அதுவே எல்லாமாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "போர்ட்டைத் திற" என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

இனி, புகார் சொல்பவருக்கு வந்திருப்பது இந்தக் கோளாறுதானா? கியூபிட்டொரண்ட் என்ற டொரண்ட் மென்பொருளில் ஒரு டொரண்ட்டைத் தேர்ந்து 'பியர்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால், இணைந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எதிரே சில எழுத்துகள் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. நோய் எங்கே என்று காட்டுவது அந்தப் பத்திதான். பெரிய எழுத்து 'டி' இருந்தால் அவர் உங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சிறிய எழுத்து 'டி' இருந்தால், உங்களுக்கு வேண்டியது அவரிடம் இருக்கிறது, ஆனால் அவர் இப்போது கொடுக்கவில்லை. 'ஐ' என்ற எழுத்து, அவராகவே வெளியிலிருந்து வந்து இணைந்தார் என்று பொருள். இருபது பேர் இணைந்திருந்து, எல்லோருக்கும் எதிரே சிறிய 'டி' இருந்தால், வேகம் பூஜ்யமாக இருப்பதற்குக் காரணம் இணைப்புக் கோளாறு இல்லை. இணைப்பு நன்றாகவே இருக்கிறது. நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள். அதற்கு ரவுட்டரைக் குடைந்து பயனில்லை. அந்தப் பட்டியலில் யாருமே இல்லாதபோதுதான் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

யாருமே இல்லை என்றாலும் உடனே போர்ட்டுக்குப் போய்விடக் கூடாது. முழுக் கோப்பை வைத்திருப்பவர் ஒருவரும் இப்போது ஆன்லைனில் இல்லாமல் இருக்கலாம். டொரண்ட் புகார்களில் மிக எளிய காரணம் இது, மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். யார் யார் பகிர்கிறார்கள் என்று சொல்லும் சர்வரே டிராக்கர்; 'டிராக்கர்ஸ்' பகுதியில் பதில் வருகிறதா, பிழைச் செய்தி வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். டிராக்கர் செத்துப்போயிருக்கலாம், தடுக்கப்பட்டும் இருக்கலாம். 2012-இல் '3' திரைப்படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாதவர்களுக்கு எதிராகப் பெறப்பட்ட 'ஜான் டோ' உத்தரவைக் காட்டி இணைய நிறுவனங்கள் விமியோ உள்ளிட்ட முழுத் தளங்களையே அடைத்ததும், குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியதும் நினைவிருக்கலாம். அப்படி ஒரு தடை டிராக்கரின் மேல் விழுந்தால் உங்கள் ரவுட்டரில் எந்த எண்ணை இட்டாலும் அது விலகாது. 2005 முதல் புழக்கத்தில் இருக்கும் டிஎச்டி என்ற முறை, டிராக்கர் இல்லாமலே பகிர்பவர்களை ஒருவர் மூலம் ஒருவராகக் கண்டுபிடிக்கும். அது அணைந்திருந்தால் இயக்க வேண்டும். அறிவுரை சொல்பவர்கள் இந்த இரண்டு பகுதிகளையும் பார்க்கச் சொல்லாமல் போர்ட்டில் தொடங்குவது வரிசைப் பிழை.

மென்பொருளும் இந்தப் பிழையை வளர்க்கிறது. கியூபிட்டொரண்ட்டின் அடிப்பட்டையில் ஒரு சின்ன அடையாளம் உண்டு. அது தீச்சுடராக மாறினால், நேரடி இணைப்புகள் இல்லை, நெட்வொர்க் அமைப்பில் சிக்கல் இருக்கலாம் என்ற பொருளில் ஒரு வரி வரும். அந்த அடையாளம் எதையும் சோதித்துச் சொல்வதில்லை. இதுவரை வெளியிலிருந்து யாராவது வந்து இணைந்தார்களா என்ற பதிவை மட்டும் காட்டுகிறது. மென்பொருளைத் திறந்து, யாருக்கும் வேண்டாத ஒரே ஒரு டொரண்ட்டைப் போட்டு வைத்தால், போர்ட் நன்றாகத் திறந்திருந்தாலும் சுடர் எரிந்துகொண்டுதான் இருக்கும். போர்ட் திறந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து சோதிக்கும் சேவைகளிலும் இதே போன்ற பொறி உண்டு: டொரண்ட் மென்பொருள் ஓடாத நேரத்தில் சோதித்தால், ரவுட்டரில் எல்லாம் சரியாக இருந்தாலும் "மூடியிருக்கிறது" என்றே பதில் வரும், ஏனென்றால் அந்த எண்ணில் கேட்டுக்கொண்டிருக்க அங்கே யாரும் இல்லை.

போர்ட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் பிற அறிவுரைகளில் ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்டுவேன்: அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைப்பது. ஏடிஎஸ்எல் இணைப்புகளில் கீழே இறங்கும் பாதை அகலம், மேலே ஏறும் பாதை குறுகல். டிசிபி முறையில், வந்த தரவுக்கெல்லாம் "வந்து சேர்ந்தது" என்று நம் கணினி பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டொரண்ட் அப்லோட் அந்தக் குறுகிய பாதையை நிரப்பிவிட்டால் இந்தச் சிறு பதில்கள் மோடத்தின் வரிசையில் சிக்கிக்கொள்ளும். எதிர்முனையில் இருப்பவர் பதில் வரவில்லை என்று வேகத்தைக் குறைப்பார். அப்லோட் அதிகமாக, டவுன்லோட் படுத்துவிடும். வீட்டில் மற்றவர்களுக்கு வலைப்பக்கம்கூடத் திறக்காது. மோடம்களும் ரவுட்டர்களும் அளவுக்கு மீறிய வரிசையை வைத்துக்கொள்வதால் வரும் இந்தத் தாமதத்தை ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் 'பஃபர்புளோட்' என்ற பெயரில் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். டொரண்ட் உலகம் அதே காலத்தில் மைக்ரோ டிரான்ஸ்போர்ட் புரோட்டோகால் என்ற புதிய முறைக்கு மாறத் தொடங்கியது. வரிசையில் ஏற்படும் தாமதம் 100 மில்லிவிநாடியைத் தாண்டினால் அது தானாகவே ஒதுங்கி வழிவிடும். ஆனாலும் பழைய டிசிபி இணைப்புகளும் கலந்தே ஓடுவதால், உண்மையான அப்லோட் வேகத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே வரம்பு வைப்பது இன்றும் நல்ல பழக்கம்தான். செலவில்லை, ஆபத்தில்லை, காரணம் விளக்கத்தக்கது, பலன் உடனே தெரிகிறது.

இதற்கு நேர்மாறானது விண்டோஸ் எக்ஸ்பி கால அறிவுரை. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, பாதி நிலையில் நிற்கும் டிசிபி இணைப்பு முயற்சிகளை ஒரே நேரத்தில் 10 என்று கட்டுப்படுத்தியது. பலரும் யாரோ எழுதிய பேட்சைப் போட்டு இயங்குதளத்தின் கோப்பையே மாற்றினார்கள். அந்த வரம்பு கூடிப்போனால் தொடக்கத்தில் சற்றுத் தாமதத்தை உண்டாக்கியிருக்கும். இணைந்தபின் வேகத்தோடு அதற்குத் தொடர்பில்லை. விஸ்டாவின் சர்வீஸ் பேக் 2-ஓடும் விண்டோஸ் 7-ஓடும் 2009-இல் வரம்பே போய்விட்டது. அறிவுரை அதற்குப் பிறகும் நெடுநாள் சுற்றியது. என்கிரிப்ஷனை இயக்கச் சொல்வது நடுத்தரம். அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் போலியான 'ரீசெட்' பாக்கெட்டுகளை அனுப்பி டொரண்ட் இணைப்புகளை அறுத்தது 2007-இல் வெளிப்பட்டது. அப்படி இணைய நிறுவனமே குறுக்கிடும் இடத்தில் அது ஓரளவு உதவக்கூடும். போக்குவரத்தின் வடிவத்தை வைத்தே கண்டுகொள்ளும் கருவியிடம் அதுவும் தோற்கும்.

இப்போது போர்ட் அறிவுரைக்கு விழுந்த பெரிய அடிக்கு வருகிறேன். ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதிக்குரிய ஏப்னிக்கின் கையிருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பெருகிய கைபேசி நெட்வொர்க்குகளும் பல ஃபைபர் சேவைகளும் பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பங்கிட்டுத் தருகின்றன. வீட்டு ரவுட்டரில் ஒரு நேட், அதற்கு மேல் நிறுவனத்தின் கருவியில் இன்னொரு நேட். இதை சிஜிநேட் என்பார்கள். இங்கே உங்கள் ரவுட்டரில் போர்ட்டைத் திறப்பது உங்கள் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, பூட்டிய தெருவாசலுக்கு வெளியிலிருந்து விருந்தாளியை எதிர்பார்ப்பதுதான்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' என்ற தலைப்பின் கீழ் ஒரு முகவரி இருக்கும். உங்கள் ஐபி என்ன என்று சொல்லும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, அங்கே தெரியும் ஐபிவி4 முகவரியோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்ட் முயற்சிக்கு அர்த்தம் உண்டு. வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அது 2012-இல் இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி; நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினால் அதேதான், அல்லது நிறுவனம் தந்த பெட்டியும் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் ஒன்றின்மேல் ஒன்றாக நேட் செய்கின்றன. பின்னதை வீட்டிலேயே சரிசெய்யலாம். முன்னதை நீங்கள் எதுவும் செய்ய முடியாது. இந்த ஒப்பீட்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் சொல்லாமல் போர்ட்டைத் திறக்கச் சொல்லும் எந்த வழிகாட்டியையும் நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன்.

பயனாளர் மீதே எல்லாப் பழியையும் போடுவதும் நியாயமில்லை. சிஜிநேட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6888 என்ற இணைய நெறி ஆவணம் தெளிவாகச் சொல்கிறது: எந்தப் போர்ட் தனக்கு வர வேண்டும் என்பதைச் சந்தாதாரரே கட்டுப்படுத்த ஒரு வழியைத் தந்தே ஆக வேண்டும். அதற்கான பிசிபி என்ற நெறிமுறையும் அதே ஆண்டில் வெளியானது. வீட்டுச் சந்தாதாரர் கைக்கு அந்த வசதி வந்து சேர்ந்த இடங்கள் அரிது. கூடுதல் கட்டணத்துக்கு நிலையான ஐபி வாங்குங்கள் என்பதே வழக்கமான பதில். காசு இல்லாதவர் பெறுபவராக மட்டுமே இருக்க வேண்டும், தருபவராக ஆகக் கூடாது என்பதில் போய் இது முடிகிறது. எல்லோரும் சமமான பகிர்வாளர்கள் என்ற எண்ணத்தில் பிறந்த ஒரு தொழில்நுட்பத்துக்கு இது பெரும் காயம்.

விலையையும் எடைபோட வேண்டும். ஒரு போர்ட்டை ஒரு மென்பொருளுக்குத் திறப்பதால் பெரிய ஆபத்தில்லை; அந்த மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால் போதும். அதோடு கொசுறாக வரும் அறிவுரைகள்தான் கெடுதல். ஃபயர்வாலை முழுக்க அணைப்பது தேவையற்றது. விண்டோஸ் முதன்முறை அனுமதி கேட்டபோது அவசரத்தில் 'ரத்து' என்று அழுத்தியிருந்தால், அந்த மென்பொருளுக்கு வரும் இணைப்புகளைத் தடுக்கும் விதி எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு விதியை நீக்கினால் காரியம் முடிந்தது. டிஎம்இசட்டில் கணினியைப் போடச் சொல்வது, எல்லா எண்களுக்கும் வருவதை அந்தக் கணினியின் தலையில் கொட்டுவது. யூபிஎன்பி தானாகப் போர்ட்டைத் திறந்து தருகிறது, வசதிதான். ஆனால் அது வீட்டுக்குள்ளே மட்டும் கேட்க வேண்டிய சேவை. ரேபிட்7 நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 8 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் இணையத்தின் பக்கமிருந்து வந்த யூபிஎன்பி கேள்விக்குப் பதில் சொன்னது தெரியவந்தது. பழைய ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதை அணைத்துவிட்டுக் கையால் ஒரே ஒரு போர்ட்டைத் திறப்பது மேல்.

சிஜிநேட்டில் இருப்பவருக்கு வேறு வழியே இல்லையா? இருவரோடும் இணைந்திருக்கும் மூன்றாமவர் தூதாக நின்று, மூடிய இருவரையும் ஒரே நேரத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் யுடிபி பாக்கெட் அனுப்பச் செய்து இணைத்துவைக்கும் 'ஹோல் பஞ்ச்' முறை இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் இருக்கிறது. ஈமியூல் காலத்தில் இயலாதது இது. ஆனால் ஒவ்வோர் எதிர்முனைக்கும் வெவ்வேறு எண்ணைக் கொடுக்கும் நேட் கருவிகளில் இது தோற்றுவிடும். தூது நிற்க யாருமில்லாத சின்னக் கூட்டத்திலும் நடக்காது. போர்ட் எங்கே மிகவும் தேவைப்படுகிறதோ அங்கேயே இதுவும் கைவிடுகிறது. விபிஎன் வழியாகப் போர்ட் பெறுவதும் சுருங்கிவருகிறது. முல்வாட் நிறுவனம் 2023-இல் அந்த வசதியையே நிறுத்திவிட்டது. நம்பிக்கை தருவது ஐபிவி6. அதில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி, நேட் தேவையில்லை. அதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. அங்கேயும் ரவுட்டரின் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதை இயல்பாகத் தடுத்துத்தான் வைக்கும். டொரண்ட் ஓடும் கணினிக்கு மட்டும் ஒரு விதி எழுத வேண்டும். எதிரே இருப்பவருக்கும் ஐபிவி6 இருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது. "போர்ட்டைத் திற" என்பது பொய்யான அறிவுரை இல்லை. இடம் மாறி நிற்கும் அறிவுரை. பிறர் என்னைத் தொட முடியுமா என்ற கேள்விக்கு அது சரியான பதில். எனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அது பெரும்பாலும் பதிலே இல்லை. முதல் அறிவுரை என்ற இடத்திலிருந்து அதை இறக்கிவிட வேண்டும். பகிர்பவர் இருக்கிறாரா, டிராக்கர் பேசுகிறதா, பியர்களுக்கு எதிரே என்ன எழுத்து, அப்லோட் பாதையை அடைத்திருக்கிறதா, இரண்டு முகவரிகளும் ஒன்றா என்பவற்றுக்குப் பிறகே அதன் முறை வர வேண்டும். அரிய கோப்பைக் காத்துப் பகிர்பவருக்கு மட்டும் நான் விதிவிலக்கு அளிப்பேன். அவர் முதல் நாளே போர்ட்டைத் திறக்க வேண்டும், முடியாவிட்டால் திறக்கக்கூடிய ஓர் இணைப்பைத் தேட வேண்டும். அவரிடம் இருப்பது மூடிய வீட்டுக்காரருக்கும் போய்ச் சேர அதுதான் உறுதியான வழி.

மென்பொருள் எழுதுபவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. அந்தத் தீச்சுடருக்கு அருகில் வரும் வரியை மாற்றுங்கள். "இதுவரை வெளியிலிருந்து யாரும் இணையவில்லை, இதனால் டவுன்லோட் நின்றுவிடாது" என்று முதலில் எழுதுங்கள். அடுத்த வரியில், ரவுட்டரிடம் யூபிஎன்பி வழியாகவோ பிசிபி வழியாகவோ கேட்டால் கிடைக்கும் வெளி முகவரியையும், டிராக்கரோ பிற பியர்களோ பார்க்கும் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். இரண்டும் வேறு வேறானால், "இதை உங்கள் ரவுட்டரில் சரிசெய்ய முடியாமல் இருக்கலாம், இணைய நிறுவனத்திடம் கேளுங்கள்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.